மருத்துவமனை வேலைக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் லாக் புக்கைக் கேளுங்கள்

வார்டில் படுத்திருக்கும் ஒருவரை டாக்டர் வந்து பார்க்கும் நேரம் நிமிடக் கணக்குதான். மீதி நேரமெல்லாம் அவரைச் சுற்றி வேறு ஆட்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், உடம்பு துடைத்துவிடுபவர், விடியற்காலையில் வந்து ரத்தம் எடுப்பவர், ஈசிஜி எடுப்பவர், யார் கண்ணிலும் படாமல் அறுவைக் கருவிகளைக் கழுவி ஆவியில் ஏற்றுபவர், டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேஸ் ஷீட்டைப் படித்து நோய்க்குரிய குறியீட்டைக் கம்ப்யூட்டரில் போடுபவர். இந்த வேலைகளுக்குள் நுழைய நீண்ட வருடப் படிப்பு தேவையில்லை. சில வாரங்களில் முடியும் பயிற்சியும் இருக்கிறது, ஒன்றிரண்டு வருட டிப்ளமோவும் இருக்கிறது.

நான் ரத்தம் எடுக்கும் வேலையில் ஆரம்பித்தவன். இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பயிற்சி முடித்துவிட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மார்க் ஷீட்டை அல்ல. லாக் புக். எந்த நாளில், எந்த வேலையை, எத்தனை தடவை செய்தார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்பது அதில்தான் இருக்கும். கண்ணாடி பிரேம் போட்ட சர்டிபிகேட்டோடு வந்து, நிஜக் கையில் ஊசியே குத்தியதில்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. சேரும்போது என்ன கேட்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

1. படிப்பைத் தேடுமுன் வேலையைப் பாருங்கள்

"மெடிக்கல் லைன்ல போகணும்" என்று வருபவர்களில் பலருக்கு மனதில் இருப்பது வெள்ளைக் கோட்டு மட்டும்தான். அந்தக் கோட்டுக்குள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்காது.

நோயாளியின் உடம்போடு நேரடியாகப் புழங்கும் வேலை முதல் வகை. நர்சிங் அசிஸ்டன்ட், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர், வார்டு உதவியாளர் எல்லாம் இதில் வருவார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது, எழுந்திருக்க முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, பல்ஸ், பிபி பார்த்துக் குறிப்பது. பயிற்சிக் காலம் இதில்தான் ஆகக் குறைவு, வேலையும் சீக்கிரம் கிடைக்கும். இடுப்பு வலிக்கும், நாற்றம் இருக்கும், சில நாள் திட்டும் விழும். மலம் துடைக்கத் தயங்குகிறவருக்கு இது ஒத்து வராது. அதை இப்போதே ஒத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பத் துல்லியமாகச் செய்பவர்கள்: ரத்தம் எடுப்பவர், ஈசிஜி டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், லேப் உதவியாளர். கை நிதானமும் பொறுமையும் வேண்டும். டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு நோயாளி பொதுவாக வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் போல வருவார். வருடக்கணக்கில் அதே முகங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு நோயாளிகள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் வராமல் போனால் தாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

ஆட்களோடு பேசிப் பேசிக் களைத்துப் போகிற சுபாவமா? கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பிரிவைப் பாருங்கள். பல மருத்துவமனைகளில் இதை சிஎஸ்எஸ்டி என்பார்கள். ரத்தம் காய்ந்த கருவியை எவ்வளவு ஆவியில் வைத்தாலும் பிரயோஜனமில்லை. முதலில் கழுவ வேண்டும், கருவியின் பூட்டுகளைத் திறந்து அதன் பல்லிடுக்கில் பிரஷ் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த ஆவியில் கிருமி கொல்லும் இயந்திரம். ஒரு ட்ரேயில் 60 கருவி இருக்க வேண்டிய இடத்தில் 59 இருந்தால் அறுவை அரங்கமே உங்களைத் தேடும். நோயாளியைப் பார்க்காமலேயே அவர் உயிரைக் காப்பாற்றுகிற வேலை இது. மதிப்பு தெரிந்தவர்கள்தான் குறைவு.

கடைசியாக, நாற்காலி வேலைகள். மெடிக்கல் கோடிங், ரெக்கார்ட்ஸ், ரிசப்ஷன், இன்சூரன்ஸ் பிரிவு. கோடிங் செய்பவர் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்வார். ஐசிடி 10-இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இ11 என்ற குறியீட்டின் கீழ் வரும், சிறுநீரகம் பாதித்திருந்தால் ஒன்று, கண் பாதித்திருந்தால் இன்னொன்று என்று கிளை பிரியும். 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும் பல இடங்களில் இன்னும் 10-தான் ஓடுகிறது. எனவே எந்தப் பதிப்பைச் சொல்லித் தருகிறார்கள், நீங்கள் வேலை தேடும் இடத்தில் எது புழக்கத்தில் இருக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள். உடற்கூறியல் தெரியாமல் கோடிங் செய்யலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

முடிந்தால் தெரிந்தவர் மூலமாக ஒரு முழு ஷிப்டு கூடவே இருந்து பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம், "நேத்து டியூட்டியில என்னென்ன செஞ்சீங்க? காலையிலேருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும்.

2. வேலை விளம்பரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பலர் பயிற்சி நிலைய விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, பிறகு வேலை தேடுகிறார்கள். வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிற கதை. நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடங்களின் 10 அறிவிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, தகுதி என்று போட்டிருப்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பத்தில் எந்தச் சான்றிதழ் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதைத் தரும் பயிற்சிதான் உங்களுக்கு வேண்டியது.

இதோடு இன்னொன்றையும் உறுதி செய்யுங்கள்: அந்த வேலைக்கு அரசுப் பதிவோ உரிமமோ கட்டாயமா? ஒரே வேலைக்கு ஒரு நாட்டில் பதிவு கட்டாயமாக இருக்கும், பக்கத்து நாட்டில் இருக்காது. கட்டாயம் என்றால், பதிவு செய்யும் அமைப்பின் பட்டியலில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நிலையத்தில் காட்டும் நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டு விதியை இப்போதே படித்துவிடுங்கள். படித்து முடித்தபின் "இந்தப் பயிற்சி நேரம் போதாது" என்று திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

3. பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

நேரில் போங்கள். ஏசி அறையில் உட்கார வைத்து வழவழத் தாளில் படம் காட்டுவார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிராக்டிகல் ரூமைப் பார்க்கலாமா?" என்று எழுந்து நில்லுங்கள். நான் பார்த்தவரை, ஒரு நிலையத்தைப் பற்றி அதைவிட அதிகமாகச் சொல்லும் கேள்வி வேறில்லை. பயிற்சிக் கட்டில் இருக்கிறதா, அதன் சக்கர பிரேக் வேலை செய்கிறதா, ரத்தம் எடுத்துப் பழகும் பொம்மைக் கை தேய்ந்து ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் நல்லது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மை கண்காட்சிக்கு வைத்தது.

பிறகு லாக் புக். முந்தைய பேட்ச் மாணவர் ஒருவருடையதைக் காட்டச் சொல்லுங்கள். 50 தடவை ரத்தம் எடுத்ததாக இருக்கும் 50 வரியும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே வாரத்தில் முடிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நிஜமான லாக் புக் அழுக்காக இருக்கும். மூன்று நான்கு பேருடைய கையெழுத்து இருக்கும், இடையில் "தோல்வி, மறுபடி முயற்சி" என்று குறித்திருக்கும்.

அங்கேயே இதையும் கேட்டுவிடுங்கள்: மொத்த மணி நேரத்தில் மருத்துவமனையில் கழியும் நேரம் எத்தனை? எந்த மருத்துவமனை, அதோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்கிறதா? வார்டில் எத்தனை மாணவருக்கு ஒரு மேற்பார்வையாளர்? 20 பேரை ஒருவர் மேய்த்தால் நீங்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள். தேர்வுக் கட்டணம், யூனிபார்ம், தடுப்பூசி, காப்பீடு எல்லாம் சொன்ன பீஸுக்குள் அடங்குமா? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், தாளில் வாங்குங்கள்.

"100 சதவீதம் வேலை உறுதி" என்று சொன்னால் போன வருடம் முடித்த மூன்று பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல இடம் என்றால் பழைய மாணவர்களே அந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு கோடிங்குக்குச் சரிப்படும், ரத்தம் எடுப்பதற்கும் நோயாளியைத் தூக்குவதற்கும் சரிப்படாது. பணம் கட்டுமுன் இன்னொரு வழியையும் பாருங்கள்: சில மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் ஆட்களை எடுத்துச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கின்றன. இத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காலத்தையும், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

4. சேருமுன் தயாராக வேண்டிய காகிதங்களும் உடம்பும்

இதில் எல்லோரும் தவறவிடுவது, ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி. வழக்கமான முறையில் 3 டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, விண்ணப்பம் போடும் நாளிலேயே முதல் ஊசியைப் போட்டால்தான் வார்டுக்குள் போகும்போது பாதுகாப்பு இருக்கும். சிறுவயதில் போட்டிருந்தால் அந்தக் கார்டைத் தேடி எடுங்கள். காசநோய்ப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, கல்விச் சான்றுகளில் பெயர் ஒரே மாதிரி இருப்பது ஆகியவற்றையும் பெரும்பாலும் கேட்பார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திருத்தி வாங்கவே மாதக்கணக்கு ஆகலாம்.

அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை, அதாவது பிஎல்எஸ்ஸை, தனியாக முடித்து வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண்களை மனப்பாடம் செய்வது சுலபம். பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தினால்தான் தோள் எப்படி விட்டுப் போகிறது என்று தெரியும்.

5. பயிற்சியின்போது கையில் ஏற வேண்டியவை

கை கழுவுவதிலிருந்து தொடங்குவார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கலாம் என்றால் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்டபின். எல்லோரும் மறப்பது அந்த ஐந்தாவதை. நோயாளியைத் தொடவே இல்லை, கட்டில் கம்பியை மட்டும்தான் பிடித்தேன் என்பார்கள். கம்பியில்தான் கிருமி உட்கார்ந்திருக்கிறது. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராலும் இயல்பாக மூச்சு விட முடியாது. மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸை எண்ணி முடித்துவிட்டு, பிடித்த கையை விடாமல், கண்ணை மட்டும் மார்புக்குக் கொண்டுபோய் எண்ணுங்கள். அவர் இன்னும் பல்ஸ்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பிபி பார்க்கும்போது அவரை ஐந்து நிமிடம் உட்காரவிட்டு, கால் மேல் கால் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடித்துப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் இல்லாத பிபி ஏறித் தெரியும். டயாலிசிஸுக்காகப் பிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த வழி) வைத்த கையில் கஃப் கட்டவே கூடாது, ரத்தமும் எடுக்கக் கூடாது. கட்டுமுன் இரண்டு கையையும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

ஒரு பக்கம் செயலிழந்தவரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது, நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில் போட்டு, முதலில் பிரேக்கைப் பூட்டுங்கள். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்து ஒருமுறை அவர் முகம் சுளிப்பதைப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஈசிஜிக்கு 12 லீட், அதாவது இதயத்தை 12 கோணத்தில் காட்டும் பதிவு, என்றதும் 12 ஒயர் தேடும் மாணவர்கள் உண்டு. ஒட்டுவது 10-தான், கைகாலில் 4, மார்பில் 6. விலா எலும்புகளை விரலால் தடவி எண்ணி நான்காவது இடைவெளியைக் கண்டுபிடித்து முதல் இரண்டையும் மார்பெலும்பின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். கண் மதிப்பில் ஒட்டினால் ஓர் இடைவெளி மேலே ஏறிப்போய், இல்லாத மாரடைப்பு காகிதத்தில் தெரியும்.

என் சொந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுப்பதில் ரத்த நாளத்தைக் கண்ணால் பார்ப்பதை விட்டுத் தடவப் பழகுங்கள். ஊதா நிறத்தில் மேலாகத் தெரிவது ஊசி பட்டதும் நழுவும். தெரியாமல் உள்ளே இருந்து, ஆள்காட்டி விரலால் அமுக்கினால் துள்ளித் திரும்பி வருவதுதான் நமக்கு வேண்டியது. கையில் இறுக்கிக் கட்டும் பட்டையை, அதாவது டூர்னிகெட்டை, ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். ஸ்பிரிட் துடைத்த இடம் காய வேண்டும், ஊதிக் காயவைக்கக் கூடாது. ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் சாகாது.

ரத்தம் பிடிக்கும் குழாய்களை நிரப்பவும் ஒரு வரிசை இருக்கிறது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்த கல்ச்சர் முதலில், பிறகு நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ இருக்கிறது. அதில் ஒரு துளி அடுத்த குழாய்க்குள் போய்விட்டால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறி, கால்சியம் இறங்கிவிடும். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வார். ஏன் இந்த வரிசை என்று தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

6. வார்டுக்குப் போன பிறகு

நான் பயிற்சியில் இருந்த மூன்றாவது வாரம், அடுத்தடுத்த கட்டிலில் இருந்த இரண்டு பெரியவர்களிடம் ரத்தம் எடுத்தேன். அவசரத்தில் லேபிளை அங்கேயே ஒட்டாமல், மேஜைக்கு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு குழாயையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேஜைக்கு வந்ததும் எது யாருடையது என்று ஒரு நொடி சந்தேகம். ஒரு நொடிதான். ஊகித்து ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு குழாயையும் குப்பையில் போட்டுவிட்டு, "போய் ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி எடு" என்றார். இரண்டாவது பெரியவர் கையை நீட்டிக்கொண்டே, "சொன்னியே, அது போதும் தம்பி" என்றார். அன்றிலிருந்து லேபிள் கட்டில் பக்கத்திலேயே ஒட்டப்படுகிறது. பெயரையும் நான் சொல்லி ஆமாவா என்று கேட்பதில்லை, அவர்களையே சொல்லச் சொல்கிறேன். காது கேட்காதவரும் மயக்கத்தில் இருப்பவரும் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்கள். பெயரோடு பிறந்த தேதியோ மருத்துவமனை எண்ணோ, இரண்டாவதாக ஓர் அடையாளமும் சரிபார்க்க வேண்டும்.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பயத்தில் மறைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூடியைத் திருப்பி ஊசியில் மாட்டும் பழக்கம்தான் பல குத்துகளுக்குக் காரணம். எடுத்ததும் நேரே ஊசிப் பெட்டிக்குள் போடுங்கள்.

நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், வழுக்காத, முன்பக்கம் மூடிய ஷூ போடுங்கள். நோயாளியைப் படமெடுக்காதீர்கள், அவர் முகம் வராவிட்டாலும். உங்களுக்குச் சொல்லித் தராத ஒன்றைச் செய்யச் சொன்னால் "இது எனக்கு இன்னும் காட்டித் தரலை, நீங்க ஒரு தடவை செய்யுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். கடிந்துகொள்பவர்கள் இருப்பார்கள். ஆனாலும் அதைச் சொன்ன மாணவரைத்தான் பிறகு கூப்பிட்டு நிறைய சொல்லித் தருவார்கள்.

7. முதல் வேலை, அதற்கு அடுத்தது

நேர்காணலில் உங்களை ஏதாவது ஒன்றைச் செய்துகாட்டச் சொல்வார்கள். நாங்கள் பார்ப்பது ஊசி உள்ளே போனதா என்பதை மட்டும் அல்ல. கை கழுவினீர்களா, பெயர் கேட்டீர்களா, குத்துமுன் ஊசிப் பெட்டியைக் கை எட்டும் தூரத்தில் வைத்தீர்களா. நைட் டியூட்டி பார்ப்பீர்களா என்று கேட்டால் முடிந்ததைச் சொல்லுங்கள். முடியாததற்குத் தலையாட்டிவிட்டு இரண்டாவது வாரம் லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடும்.

இந்த வேலையிலேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்றில்லை. நர்சிங் அசிஸ்டன்டாக இருந்துகொண்டே நர்சிங் படித்தவர்களும், ரத்தம் எடுத்துக்கொண்டே லேப் டிப்ளமோ முடித்தவர்களும் உண்டு. சில படிப்புகளில் வேலை பார்த்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அப்போது மறுபடி கேட்கப்போவது லாக் புக்கைத்தான். நிலையத்திடம் ஒப்படைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் பெயர் அதில் இருக்கக் கூடாது, வார்டும் தேதியும் செய்முறையும் கையெழுத்தும் போதும். வேலையில் சேர்ந்த பிறகும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதெல்லாம், ஒரு சின்ன நோட்டில் அதே மாதிரி எழுதி, சொல்லிக் கொடுத்தவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அவர் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார்.